அம்மிக்கடியில் இருந்த வெண்கண்டல்

என் அருமை வைத்தி, சொன்ன பேச்சைக் கேட்காத தம்பிப் பயலே,

செத்தவனைத் திட்டக்கூடாது என்கிறார் உன் அத்திம்பேர். நான் திட்டாமல் வேறு யார் திட்டுவார்கள்? உப்பு ஏரிக்குப் போகாதே, காய்ச்சல் வரும் என்று எத்தனை முறை சொன்னேன்! ஞாயிறு வந்தால் முழங்கால் சேற்றோடு பாலிகஞ்ச் வீட்டுக்குள் நுழைவாய். காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னாவையும் கசக்கிறதென்று ஜன்னல் வழியே துப்பினாய். என்ன சாதித்தாய், சொல்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுக்கு அக்கரையில் செடிகொடிகளைச் சேகரித்து வைக்கும் தோட்டத்துத் துரை கடிதம் போட்டிருந்தார். நீ வரைந்து அனுப்பிய வெண்கண்டல் படம் நன்றாக இருக்கிறதாம். ஆனால் அதே செடியின் உலர்ந்த கிளையும் கூட வந்தால்தான் படத்தை வைத்துக்கொள்வார்களாம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இந்த ஊரில் உன் கைவேலை என்று தங்கப்போவது அந்த ஒரு படம்தான்.

கிளை எங்கே என்று கேட்காதே. என் அம்மிக்கு அடியில் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தியிருந்தாயே, அந்தப் பொட்டலத்தை உன் காரியமெல்லாம் முடிந்து வீடு கழுவிய அன்று நான்தான் அடுப்பில் போட்டேன். குப்பை என்று நினைத்தேன். அம்மிக்கடியில் செடியை வைக்கிறவன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா? ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா?

அதனால் உப்பு ஏரிக்கு நானே போனேன். அத்திம்பேர் குடையோடு கரையில் நின்று முணுமுணுத்தார். நீ வழக்கமாகப் போகும் அதே படகுக்காரர்தான். நாணல், கோரை, முள் இலைப் புதர், சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள். நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எனக்கு எல்லாம் ஒரே பச்சை. படகுக்காரர் மூன்று புதர்களைக் காட்டி, மூன்றும் அதுதான் என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு நாள் இலையொன்றை என் வாயருகே நீட்டி, "அக்கா, நக்கிப் பாரு. நீ ரசத்துல போட மறக்கற உப்பெல்லாம் இதுமேலதான் இருக்கு" என்றாய். முதுகில் ஒன்று வைத்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு புதராக இலை பறித்து நானே நக்கினேன். "பாகோல் நாகி, மா?" என்றார் படகுக்காரர். ஆமாம், பைத்தியம்தான் என்றேன். ஐந்தாவது புதரில் நாக்கு கரித்தது. படகிலேயே உட்கார்ந்து அழுதேன், வைத்தி. முக்கால்வாசி கோபத்தில்தான்.

அதே அம்மிக்கடியில் கிளை உலர்ந்தது. ஒரு வாரம் வீட்டில் துவையல் கிடையாது.

துரை அனுப்பியிருந்த சீட்டில் இடம், தேதி, பறித்தவர் பெயர் எழுத வேண்டும். உன் பெயரைப் போடச் சொன்னேன். அத்திம்பேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐப்பசித் தேதியப் போட்டுட்டு, ஆடில போனவன் பேரை எப்படிடி போடறது? உன் பேரைப் போடறேன்."

என் பெயர் எதற்கு? நானா வரைந்தேன்? அரை மணி நேரம் வாதாடி, கடைசியில் நான் சொன்னபடியே இங்கிலீஷில் எழுத வைத்தேன். நேற்று பதில் வந்தது. படத்தை வைத்துக்கொண்டார்களாம்.

சித்திரையில் பூவோடு ஒரு கிளை வேண்டுமாம். போகிறேன், வேறென்ன செய்ய? கொய்னாவை விழுங்கிவிட்டே போவேன். உன்னைப்போல் துப்பமாட்டேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
சீட்டில் பறித்தவர் என்ற இடத்தில் எழுதியிருக்கிறபடி,
வைத்தியின் அக்கா