தொண்ணூற்றாறு சொற்கள் அதிகம்

அனுப்புநர்:
மொ. ஜஹீரா,
க/பெ. மொஹ்சின்,
ஆற்றோரத் தெரு,
அனகாபுத்தூர்,
சென்னை – 600 070.

பெறுநர்:
மண்டல இயக்குநர் அவர்கள்,
வெளிமொழி அனுபவச் சான்று சரிபார்ப்பு மையம்,
தாம்பரம்.

பொருள்: என் கணவரின் பிரெஞ்சு மொழிக் கோகோ சாகுபடி அனுபவச் சான்று – அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தங்கள் பல்லாவரம் கிளை சொற்களை எண்ணிப் பார்த்து வெட்டியது – வெட்டப்படாத மொழிபெயர்ப்புக்கு 28.11.2025க்குள் முத்திரை கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் கிளை என் கணவரைத் திருப்பி அனுப்பிய திங்கள்கிழமைகள்: செப்டம்பர் 8, 15, 29, அக்டோபர் 13, 27, நவம்பர் 17.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை என் கணவர்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அவர் பொறுமைசாலி. ஆறு முறை திருப்பி அனுப்பிய பிறகும் "பாவம், அவங்க வேலைய அவங்க செய்றாங்க" என்கிறார். அல்லாஹ் எனக்கு அந்தக் குணத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

1. என் கணவர் மொஹ்சின் பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறையை மூடியதும் உறவினர் ஒருவர் மூலம் ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட் நாட்டுக்குப் போனார். அங்கே ஒரு கோகோ தோட்டத்தில் கூலியாகச் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, பதினொரு ஆண்டுகள் இருந்துவிட்டு இந்த ஜனவரியில் திரும்பினார். அவர் போனபோது எங்கள் மகள் மஹீனுக்கு ஐந்து வயது, இப்போது பதினாறு. நடுவில் மூன்று முறை விடுப்பில் வந்தார். முதல் முறை அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மூன்றாம் முறை "வாங்க, உக்காருங்க" என்று விருந்தாளியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தப் பதினொரு ஆண்டும் நாங்கள் ஃபோனில்தான் குடும்பம் நடத்தினோம். தினமும் என்னதான் பேசுவது? இங்கே எல்லாரும் நலம் என்று நான் சொல்லி முடித்ததும் அவர் ஃபோனைத் திருப்பி மரத்தைக் காட்டுவார். பூ விட்டதைக் காட்டுவார், காய் கறுத்துப் போனதைக் காட்டுவார். கோகோ மரத்தை நான் தொட்டதே இல்லை. ஆனாலும் அதைப் பற்றித் தங்கள் பல்லாவரம் கிளையில் உள்ள எவரையும்விட எனக்கு அதிகம் தெரியும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் சாலையில், சாக்லேட் செய்வதற்குக் கோகோ கொட்டைகளை வாங்கிப் பக்குவப்படுத்தும் தொழிற்சாலை ஒன்று உள்ளது. அங்கே தரப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேவைப்பட்டது. ஆகஸ்ட் மாதம் என் கணவரை அழைத்து ஒரு தட்டு நிறையக் கொட்டைகளைக் கொடுத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டி, மோந்து பார்த்து, இது நன்றாகப் புளித்தது, இது அவசரப்பட்டு வெயிலில் போட்டது என்று பிரித்து வைத்தார். அங்கிருந்த உற்பத்தி மேலாளர் பிரசன்னா என்பவர் எழுந்து வந்து கை கொடுத்தாராம். அனுபவச் சான்றை ஆங்கிலத்தில் மாற்றி, தங்கள் மையத்தின் முத்திரையோடு கொடுத்தால் மறுநாளே வேலை என்றார்கள். அன்று வீட்டில் பிரியாணி செய்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

3. தோட்டத்தில் அந்நாட்டு அலுவல் மொழியான பிரெஞ்சில் எழுதிக் கொடுத்த அந்தச் சான்று ஒரே பக்கம். பதினான்கு வரி, தொண்ணூற்றிரண்டு சொற்கள். பிரெஞ்சுக்காரர்கள் கோகோ வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிறார்கள். இது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். இதில் என் கணவருக்கு எந்தப் பங்கும் இல்லை. 'எகபோசாஜ்' என்றால், பழுத்த காயை உள்ளே கத்தி படாமல் கட்டையால் தட்டி உடைத்து, கொட்டைகளைச் சதையோடு எடுப்பது. 'எகூர்மாந்தாஜ்' என்றால், அடிமரத்திலிருந்து நெட்டுக்குத்தாகக் கிளம்பி, காய் எதுவும் கொடுக்காமல் மரத்தின் சத்தை மட்டும் குடிக்கிற தண்டுகளை ஒடித்துப் போடுவது. (இதற்கு உதாரணம் காட்ட ஆசைதான், மனு என்பதால் தவிர்க்கிறேன்.) 'பிராசாஜ்' என்றால், வாழையிலை போட்டு மூடிய கொட்டைக் குவியலை இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி, எல்லாக் கொட்டைக்கும் ஒரே மாதிரி சூடு ஏற வைப்பது. இப்படி ஒன்பது வேலைகள் அதில் எழுதப்பட்டுள்ளன.

4. தாம்பரம் சானடோரியத்தில் வசிக்கும் திருமதி கிறிஸ்டினா அவர்கள் பதிவு பெற்ற பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். "எனக்கு ஃபிரெஞ்ச் தெரியும். கோகோ மரம் தெரியாது" என்று முதல் நாளே உண்மையைச் சொன்ன ஒரே நபர் அவர்தான். அதனால் என் கணவர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பப்பாளி வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுச் சப்பாத்திக் கட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் போனேன். பப்பாளியை உடைத்துக் காட்டியதில் அவர்களுடைய ஜன்னல் திரை வீணானது. பிறகு அவர்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் வேண்டாத தண்டுகளை ஒடித்துக் காட்டினார். கிறிஸ்டினா அம்மையாரின் கணவர் அதை அவ்வளவாக ரசிக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு வேலையும் விட்டுப்போகாமல், கோகோவைக் கண்ணால் பார்க்காதவருக்கும் புரியும்படி அந்த அம்மையார் ஆங்கிலத்தில் எழுதினார். நூற்று எண்பத்தெட்டுச் சொற்கள் வந்தன. படித்துப் பார்த்தேன். என் கணவர் பதினொரு ஆண்டுகள் எங்கே போயிருந்தார் என்பது முதல் தடவையாக ஒரு காகிதத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

5. இனி தங்கள் கிளை. அங்கே திங்கள்கிழமை மட்டும்தான் சான்றுகளை வாங்குவார்கள். நானும் கணவரோடு போனேன். வாசலில் நிற்கும் காவலாளியே முதல் விசாரணையை நடத்திவிடுகிறார். "வூட்டுக்காரரு அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்தாரு? ஒரே வார்த்தைல சொல்லும்மா" என்றார். அதுதான் அந்த அலுவலகத்தின் கொள்கை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

உள்ளே கண்காணிப்பாளர் திரு. குமரவேல் அவர்கள். கடமை தவறாதவர், நேரத்துக்கு வருபவர், கை நீட்டாதவர். அவர் மீது எனக்கு வேறு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. கிளையில் வேறு யாருக்கும் தெரியாது. பிறகு எப்படி சார் சரிபார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "மொழி தெரிஞ்சா ஒரு பக்கம் சாஞ்சுடுவோம்மா. எண்ணிக்கைக்கு ஏது சாய்வு?" என்றார். சொல்லிவிட்டு அளவுகோலை மூலச்சான்றின் மேல் வைத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு புள்ளி வைத்து எண்ணினார். அடுத்து மொழிபெயர்ப்பை எண்ணினார். சந்தேகம் வந்து இன்னொரு தடவை எண்ணினார். கோப்பில் இப்படி எழுதினார்: "தொண்ணூற்றாறு சொற்கள் அதிகம். அனுபவம் ஊதிக் காட்டப்பட்டுள்ளது."

என் கணவர் அங்கேயே நின்று, குழந்தைக்குச் சொல்வது போல, காயை உடைப்பதைக் கையால் செய்து காட்டினார். திரு. குமரவேல் அதைக் கவனமாகப் பார்த்தார். "செய்யறது சரிங்க. அதுக்கு அங்க ஒரு வார்த்தைதான இருக்கு?" என்றார்.

6. கிறிஸ்டினா அம்மையார் எங்களுக்காகக் குறைத்துப் பார்த்தார். நூற்று ஐம்பது வரை வந்தார். அதற்கு மேல் குறைத்தால் தன் கையெழுத்து இருக்காது என்றார். அவர் சொன்னது நியாயம். அப்போது தங்கள் கிளை ஓர் உதவி செய்ய முன்வந்தது. அதன் பெயர் 'சமன்செய்தல்'. பிரெஞ்சில் ஒரு வேலைக்கு ஒரு சொல் இருந்தால், ஆங்கிலத்திலும் முதல் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சிவப்பு மையால் அடிப்பார்களாம். அடித்தார்கள். வட்ட முத்திரையும் வைத்தார்கள். அக்டோபர் 13 அன்று கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பிய சான்றின்படி, என் கணவர் மொஹ்சின் பதினொரு ஆண்டுகள் செய்த பணிகள்: "பிரேக்கிங். ரிமூவிங். டர்னிங்." இப்படியே ஒன்பது. எதை உடைத்தார், எதை அகற்றினார், எதைத் திருப்பினார் என்று ஒரு சொல் கிடையாது. முழுதாகத் தப்பியது அவர் பெயர் மட்டும்தான்.

வேறு வழியில்லாமல் அதையே தொழிற்சாலையில் கொடுத்தோம். பணியாளர் பிரிவிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. தங்கள் அனுபவம் பழைய இயந்திரங்களைப் பிரித்துப் போடும் பிரிவுக்கு ஏற்றது, தற்போது அங்கே காலியிடம் இல்லை என்று. கொட்டை வெட்டியதை நேரில் பார்த்த பிரசன்னா அவர்கள் மட்டும் தலையிட்டு, 28.11.2025 வரை இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

7. தங்கள் கிளையின் இளநிலை உதவியாளர் செல்வி அனுப்பிரியா எங்கள் மீது இரக்கப்பட்டார். "மொழிபெயர்ப்பைச் சுருக்க முடியலன்னா ஒரிஜினலை நீளமாக்கி வாங்கிட்டு வாங்கக்கா" என்று தணிந்த குரலில் சொன்னார். அந்த அலுவலகத்தில் எனக்குப் புரிந்த ஒரே யோசனை அதுதான். தோட்டத்து நிர்வாகி குவாசி ஐயாவிடம் என் கணவர் ஃபோனில் நிலைமையைச் சொன்னார். அவர் முதலில் நெடுநேரம் சிரித்தார். பிறகு ஒவ்வொரு வேலையையும் பிரெஞ்சிலேயே விரித்து எழுதி, இரண்டு பக்கச் சான்றாக அனுப்பினார். கிறிஸ்டினா அம்மையார் அதைச் சொல்லுக்குச் சொல் எண்ணிக்கை பொருந்தும்படி மொழிபெயர்த்தார். நவம்பர் 17 அன்று திரு. குமரவேல் எண்ணினார். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கமும் கடைசி வரிக்கு முன்பு வரை சரி. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்துப் பேர் முன்னால் அவர் அப்படிச் செய்பவர் அல்ல.

கடைசி வரியில் குவாசி ஐயா மரியாதையாக முடித்திருந்தார். பிரெஞ்சில் கடிதத்தை முடிக்க, ஐயா, எனது உயர்ந்த மதிப்பின் வெளிப்பாட்டை ஏற்குமாறு வேண்டுகிறேன் என்று பத்துச் சொற்களில் எழுதுவது வழக்கமாம். ஆங்கிலத்தில் அதற்கு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று இரண்டே சொல். "மீதி எட்டு வார்த்தை எங்கம்மா?" என்று கேட்டார் திரு. குமரவேல். ஆங்கிலேயர்கள் அவ்வளவு மரியாதை காட்டுவதில்லை, சார் என்றேன். கோப்பில் எழுதினார்: "எட்டுச் சொற்கள் குறைவு. உண்மை மறைக்கப்பட்டுள்ளது. மேலும், ஒரே நபருக்கு இரண்டு மூலச்சான்றுகள் இருப்பதால் விசாரணைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது." விசாரணைக்குத் தொண்ணூறு நாள் ஆகும் என்றார். வேலைக்குப் பதினொரு நாள்தான் இருக்கிறது என்று சொன்னோம். அது வேறு பிரிவு என்றார்.

8. ஐயா, இனி எழுதுவது மனுவில் எழுதக்கூடியதா என்று தெரியவில்லை. கூடாது என்றால் அடித்துவிடுங்கள். தங்கள் மையத்துக்கு அது பழக்கம்தான். என் கணவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார். நான் ஏற்றி வைத்தேன். அவர் மறுபடி இறக்கினார். இந்த வேலை இல்லாவிட்டால் அவர் தோட்டத்துக்கே திரும்பிப் போய்விடுவார். இங்கே நாற்பத்தாறு வயதில் வேறு வேலை தேடித் தேடிப் பார்த்துவிட்டார். மஹீன் இப்போதுதான் அவரிடம் சண்டை போடத் தொடங்கியிருக்கிறாள். ஃபோன் சார்ஜருக்காகக் கத்துகிறாள், கதவை அறைகிறாள். அவர் சமையலறைக்கு வந்து அதை என்னிடம் சந்தோஷமாகச் சொல்கிறார். விருந்தாளியிடம் யாரும் சண்டை போடுவதில்லை, ஐயா. அவர் போகக் கூடாது. எனக்கு அவர் இங்கே வேண்டும்.

9. ஆகவே, (அ) நூற்று எண்பத்தெட்டுச் சொற்கள் கொண்ட கிறிஸ்டினா அம்மையாரின் முதல் மொழிபெயர்ப்பை, ஒரு சொல்லும் குறைக்காமல் ஏற்க வேண்டும். (ஆ) குவாசி ஐயாவின் மரியாதை மீதான விசாரணையைக் கைவிட வேண்டும். (இ) 28ஆம் தேதிக்கு முன்னால் மிச்சம் இருப்பது வரும் 24ஆம் தேதித் திங்கள்கிழமை ஒன்றுதான் என்பதால், அன்றே முத்திரை வைக்க உத்தரவிட வேண்டும். கண்காணிப்பாளர் மீது நடவடிக்கை எதுவும் கோரவில்லை. பிரெஞ்சும் கோகோவும் தெரிந்த ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும். அப்படி ஒருவர் அனகாபுத்தூரில் வேலையில்லாமல் இருக்கிறார்.

10. கடைசியாக ஒன்று. நேற்று முன்தினம் என் கணவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய ஃபோனுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. 30ஆம் தேதி விமானத்துக்கான டிக்கெட். சான்று கேட்கவில்லை, முத்திரை கேட்கவில்லை. டிக்கெட்டுக்குக் கீழே ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல் மட்டும் இருந்தது: 'வியேன்'. இதற்குக் கிறிஸ்டினா அம்மையாரைத் தொந்தரவு செய்யாமல் நானே ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன்: 'கம்'. அங்கே ஒரு சொல், இங்கே ஒரு சொல். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. தங்கள் கிளை எத்தனை தடவை எண்ணினாலும் குறை காண முடியாத மொழிபெயர்ப்பு எங்களிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. தயவுசெய்து எங்களுக்கு இது போதும் என்று விட்டுவிடாதீர்கள், ஐயா.

இடம்: அனகாபுத்தூர்
நாள்: 20.11.2025

திங்கள்கிழமையை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
மொ. ஜஹீரா