ஒரே பெயரில் இரண்டு வரிகள்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இங்கே வீடுகளை வரைபடத்தில் ஏற்றுவதுதான் என் வேலை. இம்முறை வந்த, வீடுகளில் குடியிருப்போர் அட்டவணையில் வரிகளுக்குத் தனி எண்ணே இல்லை. எண் இல்லாவிட்டால், ஒன்றுபோல் இருக்கும் வரிகளை மென்பொருளால் பிரித்தறிய முடியாது. ஒரு வீட்டில் ஒரே பெயரும் வயதுமாக ஒரு பெண் இரண்டு முறை இருந்தாள். தவறென்று நினைத்து, நேற்றுக் காலை ஒன்றை அழித்தேன். இரண்டுமே போய்விட்டன.

மனம் கேட்காமல் மதியம் நேரிலேயே போனேன். ஒரு வயதான அம்மாள் கதவைத் திறந்தார்.

"தனியாவா இருக்கீங்க?"

"இல்லம்மா, அவளும் இருக்கா. காலையிலேருந்து எங்க ரெண்டு பேரையும் யாருமே கண்டுக்கல."

உள்ளே வேறு யாரும் இல்லை. மேசைமேல் இரண்டு கோப்பைகள். இரண்டிலும் ஆவி பறந்தது.

அலுவலகத்துக்கு ஓடிவந்து இரண்டு வரிகளையும் மறுபடி சேர்த்து, ஆளுக்கொரு எண் கொடுத்தேன். "ஒருத்தர்தானேம்மா?" என்றார் மேலாளர். "இல்ல சார், ரெண்டு பேர்" என்றேன்.

நீ பயப்படாதே, எல்லாம் கணினிக் கோளாறுதான். கம்பளிக் காலுறை அனுப்பு. சமைக்கும்போது நீ பாட்டு முணுமுணுப்பாயே, அதையும் பதிவு செய்து அனுப்பு. இரவில் என் அறையில் சத்தமே இல்லை. பேருந்து வந்துவிட்டது, மற்றவை பிறகு.

உன் மகள்