ஆறாவது விமானம்

பிப்ரவரி 3

என் அன்புப் பெயிண்டருக்கு,

நான் சுகம். நீங்களும் உங்கள் முதுகும் சுகமாக இருக்க வேண்டும். முதுகைத் தனியாக விசாரிக்கக் காரணம், போன கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதவில்லை என்றால் வலிக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

ஐந்தாவது விமானம் நாளை இங்கிருந்து புறப்படுகிறது. ஓட்டிவரும் கேப்டன் கையில் வழக்கம்போல் இந்தக் கடிதம் வரும். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் சண்டை போடுவதற்குள் கை வலித்துவிடும் என்று நீங்கள் சொன்ன யோசனை நல்ல யோசனைதான். நம் வீட்டுத் தபாலுக்கு எவ்வளவு பெரிய வண்டி பாருங்கள்!

தொழிற்சாலையில் எனக்கு ‘டேப் மேடம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் விமானக் கம்பெனி சார்பில் ஒவ்வொரு விமானத்தையும் சரிபார்த்து வாங்குகிறவள் நான். குறை தெரிந்த இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டுவேன், அவர்கள் சரிசெய்து டேப்பை எடுக்க வேண்டும். இந்த விமானத்தில் ஒரு இருக்கை எண் லேசாகக் கோணல். ஒட்டினேன். அவர்களுடைய மேற்பார்வையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மேடம், இதெல்லாம் எந்தப் பயணியும் பாக்க மாட்டாங்க.”

“நான் பாத்துட்டேனே!”

என் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதிலும் என் கோட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் நீங்களும் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

போன முறை நாலே வரி எழுதினீர்கள். அதில் மூன்று வரி பெயிண்டைப் பற்றி. எனக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டேப் மேடம்


பிப்ரவரி 20

என் அன்பு மேடத்துக்கு,

முதுகு வலிக்கிறதுதான். போதுமா?

விமானக் கொட்டகையில் மூச்சுவிட நேரமில்லை. நீ அங்கிருந்து ஒன்று அனுப்பினால் இங்கே ஒன்று கிளம்ப வேண்டும். விற்றுவிட்ட பழைய விமானங்களின் வாலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் கம்பெனி பெயரைச் சுரண்டி, முழுக்க வெள்ளை அடித்து அனுப்புவது எங்கள் வேலை. முப்பது புதிய விமானம் போதாதாம், அறுபதாக்கப் போகிறார்களாம். கேன்டீனில் இதே பேச்சு. “பழசையெல்லாம் மாத்துறாங்களே, நம்மளையும் சேர்த்து மாத்திருவாங்களோ?” என்று வெல்டர் கேட்டான். “உனக்கு வெள்ளை அடிக்க ரெண்டு டப்பா போதும், வா” என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தத்தெடுக்க நாம் எழுதிக் கொடுத்திருந்த குழந்தைகள் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெண் குழந்தை, மூன்று வயது தாண்டிவிட்டது. போய்ப் பார்த்தேன். யாரிடமும் ஒட்ட மாட்டாளாம். கதவோரம் நின்றுகொண்டு வெகு நேரம் என் கையையே பார்த்தாள். அப்புறம் கிட்டே வந்து, “ஏன் நகம் வெள்ளையா இருக்கு?” என்றாள். ஏரோப்ளேனுக்குப் பெயிண்ட் அடித்தது என்றேன். நம்பவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துத் தன் நகத்தால் அந்தப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு விரல் முழுக்கச் சுத்தம் செய்தாள். மற்ற விரல்களை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பது மாதிரி உள்ளே போய்விட்டாள். உன்னை மாதிரியே இருக்கிறாள். ஒரு பொட்டுக்கூட விடமாட்டாள்போல.

இல்லத்து அம்மா, “இவரு வீட்டம்மாதான் ஏரோப்ளேனெல்லாம் வாங்கிட்டு வர்றவங்க” என்று சொல்லிவைத்தார். குழந்தை திரும்பிப் பார்த்து, “எத்தனை?” என்றாள்.

மார்ச் முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் நாள் குறிப்பார்கள், இரண்டு பேரும் நேரில் நிற்க வேண்டும்.

நான் போன் செய்து கேட்க மாட்டேன். போன தடவை இல்லத்திலிருந்து கூப்பிட்டபோது நீ போனில் உடனே ‘சரி’ என்றாய். எனக்காகச் சொன்ன சரி அது. ஒரு மாதத்தில் பயிற்சி என்று சொல்லி விலகிக்கொண்டாய். நான் உன்னைக் குத்திக்காட்டவில்லை. அந்த மாதிரி ஒரு சரி மட்டும் இனி வேண்டாம், அவ்வளவுதான். நிதானமாக யோசி. மனசு வந்தால், ஆறாவது விமானத்தை எடுக்க இந்தக் கடிதத்தோடு வருகிறவர்களிடமே எழுதிக் கொடுத்தனுப்பு. வரவில்லை என்றால் எதுவும் எழுதாதே. கடிதம் இல்லையென்றால் நானே புரிந்துகொள்வேன். ஏன் என்று ஒருநாளும் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

அன்புடன்,
உன் பெயிண்டர்


மார்ச் 2

என் அன்பானவருக்கு,

வருகிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாக மூச்சு விடுங்கள்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டைவிரல் பகுதி மடிப்பில் கிழிந்தே போய்விட்டது. போனை எடுத்துச் சொல்லிவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. ஆனால் நீங்கள் எழுத்தில் கேட்டீர்கள், எழுத்திலேயே தருகிறேன். இது உங்களுக்காகச் சொல்லும் சரி இல்லை.

போன தடவை ஏன் பின்வாங்கினேன் என்று சொன்னதே இல்லை. பயிற்சி ஒரு சாக்கு. பார்த்த இடத்திலெல்லாம் குறை கண்டுபிடித்தே பிழைக்கிறவள் நான். ஒரு குழந்தையையும் அப்படிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். இப்போது ஒருத்தி உங்கள் விரலைப் பிடித்துச் சுரண்டுகிறாள் என்று படித்ததும் பயம் எங்கேயோ போய்விட்டது. அவள் எனக்கே டேப் ஒட்டுவாள் போலிருக்கிறது. ஒட்டட்டும்!

அறுபது விமானம் உண்மைதான். இன்னும் இரண்டு வருஷம் இங்கே இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லப் போகிறேன். இல்லத்தில் நாள் குறித்ததும் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். தேதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள், சண்டைக்கு இடமே தர வேண்டாம்.

‘எத்தனை’ என்று கேட்டாளே, ஆறு என்று சொல்லுங்கள். நாளைக் காலை புறப்படுவது ஆறாவது. கேப்டனிடம் இதைக் கொடுத்துவிட்டுக் கடைசிச் சுற்றுப் பார்க்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி


மார்ச் 11

அன்புள்ள மனைவிக்கு,

ஏழாவதை எடுக்க ஆட்கள் கிளம்பும்வரை இந்தக் கடிதம் என் அலமாரியில் கிடக்கும். அவசரம் இல்லாத செய்திதான்.

கேப்டனும் கூட வந்தவர்களும் பயணிகள் விமானத்தில் திரும்பிவந்தார்கள். வாசலிலேயே நின்றிருந்தேன். சரக்கு அறைக் கதவுக்கு உட்புறத்தில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து நீ விமானத்தையே வாங்க மறுத்துவிட்டாயாமே. கொட்டகையில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான்.

“ஏதாவது குடுத்தனுப்புனாங்களா சார்?” என்று கேட்டேன்.

“அட போப்பா, உங்க வீட்டம்மா ஏரோப்ளேனையே குடுக்கல!” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், கேட்கவில்லை. இல்லத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். வேறு ஒரு தம்பதி காத்திருக்கிறார்களாம். நல்ல மாதிரி என்றார் அந்த அம்மா. இருபதாம் தேதி அழைத்துப்போகிறார்கள்.

நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. குளிருக்குப் போர்த்திக்கொள். அந்தக் கோட்டை நாற்காலிக்கு மாட்டாமல் நீ போட்டுக்கொள்.

இப்படிக்கு,
பெயிண்டர்


மார்ச் 29

என்னங்க,

நேற்று வந்தவர்கள் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார்கள். விமானத்தின் இறக்கைக்கு அடியிலேயே நின்று படித்தேன். தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது. நான் எழுதினேன். எழுதினேங்க. முதல் வரியே ‘வருகிறேன்’ என்றுதான் எழுதினேன்.

கேப்டன் அதை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் விமானத்தின் காகிதங்கள் வைக்கும் பைக்குள் வைத்துவிட்டார். கடிதம் கொடுத்தபின் கடைசிச் சுற்றில்தான் அந்த விரிசல் என் கண்ணில் பட்டது. நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு. டேப் ஒட்டினேன், கையெழுத்துப் போட மறுத்தேன். அவர் கோபமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடிதத்தையும் எடுத்துப் போயிருப்பார் என்று நான் நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழுது பார்க்கிறவர்கள் ஏறி இறங்கினார்கள், நானும் தினமும் ஏறி இறங்கினேன். அந்தப் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. விமானம் முழுக்கப் பார்த்தேன், அதை மட்டும் பார்க்கவில்லை.

உங்கள் போனுக்காகக் காத்திருந்தேன். ஒரு வாரம் பார்த்தேன், வரவில்லை. உங்களுக்குத்தான் மனசு மாறிவிட்டது, என்னை நம்பிக் குழந்தையை எடுக்கப் பயந்துவிட்டீர்கள் என்று முடிவுகட்டிக்கொண்டேன். நீங்களே பேசாதபோது நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்ற வீம்பு வேறு. போன வாரம் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நேற்று நான் போன் செய்தபோது அழத்தான் வந்தது, பேச வரவில்லை. நீங்கள் “கடிதம் வரட்டும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள்.

ஆறாவது விமானம் பழுது தீர்ந்து நாளை வருகிறது. நேற்றுதான் ஏறிப் பார்த்தேன், அந்தக் கடிதம் அதே பைக்குள் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. உறை ஒட்டியபடியே இருக்கிறது, மேலே மார்ச் இரண்டு என்று கேப்டன் கையாலேயே எழுதியிருக்கிறார். நீங்களே எடுத்துப் பாருங்கள். இந்தக் கடிதத்தைத் தனியாகக் கொடுத்தனுப்புகிறேன்.

மறுபடி விண்ணப்பிக்கலாம். நான் வேலையை உதறிவிட்டு வருகிறேன். அடுத்த விமானத்திலேயே ஏறிவிடுகிறேன். வா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்களுடைய,
நான்


ஏப்ரல் 7

அன்புள்ளவளுக்கு,

கிடைத்தது. ஆறாவது விமானம் கொட்டகைக்குள் வந்ததும் நானே ஏறிப் பையிலிருந்து எடுத்தேன். புது விமானத்து வாசனை மூக்கில் ஏற, கேப்டன் இருக்கையில் உட்கார்ந்து படித்தேன். எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. வெல்டர் வந்து கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனான்.

நீ விமானத்தை மறுத்தது சரி. உன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். அந்த விரிசலோடு பறந்திருந்தால் எத்தனை பேர் உயிர்! அதற்காக உன்மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை. கேப்டன்மேலும் இல்லை. அவர் வீட்டுக்கே வந்து அழுதுவிட்டுப் போனார்.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. இல்லத்துக்குப் போன அன்று அந்த அம்மா, “ஏன் சார், நல்லா யோசிச்சீங்களா?” என்றார். “எனக்கு ஆசைதாங்க. வீட்ல அவங்களுக்கு இஷ்டமில்ல” என்றேன். கதவோரம் அவள் நின்றிருந்ததைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டாள். கிட்டே வரவில்லை. என் கையைப் பார்த்தாள், அப்புறம் உள்ளே போய்விட்டாள். அந்த நேரத்தில் நீ எழுதிய ‘வருகிறேன்’ பத்திரமாக ஒரு பைக்குள் இருந்திருக்கிறது.

குழந்தை போனதை எப்படியாவது தாங்கிக்கொள்வேன். அவளுக்கு நல்ல வீடு கிடைத்திருக்கிறது. என்னால் தாங்க முடியாதது வேறு. ஒரு கடிதம் வரவில்லை, உடனே உனக்கு இஷ்டமில்லை என்று நம்பினேன். சந்தேகப்படக்கூட இல்லை. அதற்காகவே காத்திருந்தவன்போல நம்பினேன். நீயும் ஒரு போன் வராததற்கு அப்படித்தான் நம்பியிருக்கிறாய். நீ சொன்னால் நான் நம்ப மாட்டேன் என்று பயந்து, கடிதத்தைத் தொடாமல் சாட்சியாக அப்படியே விட்டுவைத்திருக்கிறாய். அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். நீ விட்டுவைக்காமல் இருந்திருந்தால் நான் நம்பியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. இப்படி இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு இன்னொரு குழந்தையைக் கேட்டுப் போய் நிற்க எனக்குக் கால் வராது.

நீ போட்ட கையெழுத்து இருக்கட்டும். அங்கேயே இரு. மீதி விமானங்களைப் பார்த்து வாங்கி அனுப்பு, நான் பழையவற்றுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறேன். உன் துணிமணி, சாமான் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும். யார் கையிலும் கடிதம் கொடுத்தனுப்பாதே.

அடுத்த விமானத்தில் வராதே. நீ படியில் இறங்கும்போது கீழே நின்று என்னால் சிரிக்க முடியும். ஆனால் என் முகத்தில் என்ன இல்லை என்பதை நீ முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவாய்.

இப்படிக்கு,
பெயிண்டர்