போத்தலில் மிஞ்சிய குளிசைகள்

காலை ஆறே முக்கால்.

இஞ்சாருங்கோ,

இடியப்பம் மூடி வைத்திருக்கிறேன். சொதியைச் சூடாக்குங்கள். சாவி கிணற்றடிப் பூச்சட்டிக்குக் கீழே. நான் சுன்னாகத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

நேற்றுத் திருநெல்வேலிச் சந்தையில் டொக்டரைக் கண்டேன். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "ரீச்சர், நெஞ்செரிவுக்குத் தந்த குளிசையை இன்னும் போடுறியளே? நெடுக எடுத்தா நரம்பைத் தாக்கும், மூண்டு கிழமையோடை நிப்பாட்டுங்கோ எண்டு உங்கடை மனுசனிட்டை அப்பவே சொன்னனானே" என்றார்.

பதினொரு மாதமாகிறது. சாப்பாட்டுக்கு முன் அதைத் தண்ணீரோடு கொண்டுவந்து தந்தது நீங்கள்தான்.

மருந்துத் தட்டுப்பாடு என்று கொழும்பிலிருந்து வந்தவரிடம் பெரிய போத்தலாக வாங்கினீர்கள். வீணாகக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். என்னால் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட முடியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், "ரீச்சருக்குக் குளிருதோ?" என்று சிரிக்கிறார்கள்.

போத்தலை என்னோடு கொண்டுபோகிறேன். வைத்துவிட்டுப் போனால் வேறு யாருக்காவது கொடுப்பீர்கள்.

ஞானாம்பிகை

பி.கு.: எரிவு இன்னும் இருக்கிறது. இரவில் என் தலைமாட்டை உயர்த்தி வைப்பது நீங்கள் என்றும் தெரியும். அது வேறு.

இன்னொன்று. கை நடுங்குகிறது என்று மாசியில் நான் அழுதபோது, அது ஷெல் வீச்சுக்குப் பயந்த நடுக்கம் என்றீர்கள். நம்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் நான் பயந்தவள் என்று சொன்னேன். நேற்று வந்ததும் உங்களிடம் ஒன்றுதான் கேட்டேன். நீங்கள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ?"