வீனிங் என்றொரு வார்த்தை

அன்பு மகள் துர்காவுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம் என்று முதல் வரியில் எழுத இன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சௌக்கியமாக இருக்க குமரக்கோட்டத்து முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நிமோனியா என்று ஐசியுவில் சேர்த்ததிலிருந்து அவருக்கு மெஷின்தான் மூச்சு விட்டது. ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகளின் வண்டிக்கெல்லாம் காற்று பிடித்துவிட்ட பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு மெஷின் காற்று பிடித்துவிடுகிறது, என்ன கொடுமையடி அது. திங்கட்கிழமை டாக்டர் வந்து, வீனிங் ஆரம்பிக்கலாம், மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்து வராண்டாவில் உட்கார்ந்து வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டேன். மேரி என்று முசரவாக்கத்து நர்ஸ் பெண் ஓடிவந்து, "இன்னாத்துக்குமா அழுதுக்கினு இருக்கீங்க? கொயந்தைக்குப் பால் மறக்கடிக்கிறோம்ல, அதுக்குத்தான் இங்கிலீஷ்ல அந்தப் பேரு. அவரு தேறிக்கினு வராரும்மா, அதான் குறைக்கிறாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் நீயும் தேடிப் பார்த்து, அந்த வார்த்தைக்கு ஆதியில் பழக்குவது என்றுதான் அர்த்தம் என்று சொன்னாயே, அது மனதில் ஒட்டிக்கொண்டது. அதுதான் சரியான பேர். நாம் மறக்கடிப்பது என்கிறோம், எந்தப் பிள்ளை மறந்தது? வேப்பிலை தடவினால் துடைத்துவிட்டுக் குடித்த கழுதை நீ. ஒரு வேளை ரசம் சாதம், இன்னொரு வேளை இட்லி என்று பழகித்தான் விட்டாய். அப்பாவையும் அப்படித்தான் பழக்கினார்கள். முதல் தடவை தானாக மூச்சு விட வைத்தபோது திணறிப்போய்விட்டார், திரும்ப மெஷினில் போட்டார்கள், எனக்கு உயிரே இல்லை. மறுநாள் கூடுதலாகத் தாங்கினார். இன்று காலை குழாயையே எடுத்துவிட்டார்கள். கட்டிய தொண்டையில் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "கடைய யாரு பாத்துக்கினு இருக்கிறாங்க?" திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. வைகாசி கருடசேவைக்கு வா, மூவரும் போய்ப் பார்க்கலாம். இருவரும் எல்லா நலமும் பெற்று வாழ எங்கள் ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் மறக்காதே. மணிக்கொரு தரம் போன் செய்து அப்பாவின் மூச்சை விசாரிக்கிறாயே, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள், உனக்கும் தூக்கம் வேண்டாமா. ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிடாதே கண்ணு, எனக்கு இன்னும் பழகவில்லை.

உன் அம்மா,
மு. தேவகி