சமத்துக்கு எந்தக் கட்டம்?

மார்ச் 2, திங்கள்

புது ஆட்டம் வந்திருக்கிறது. பெயர் 'மஞ்சள் மேடை'. டிவியில் கன்சோலை மாட்டி வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற சண்டை ஆட்டம். முழுக்க ஆடி முடிக்கப் பதினெட்டு மணி நேரமாம். ஆடிப் பார்த்து, எத்தனை வயதுக்கு மேல் விற்கலாம் என்று நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இருவர் என்றால் நானும் தூங்குமூஞ்சியும். எட்டு வருடமாக ஒரே அறை, ஒரே சோபா. அவர் ஆடுவார், நான் படிவத்தை நிரப்புவேன். எத்தனை தலை உருண்டாலும் அவர் முகத்தில் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற களைதான்.

கூடவே கம்பெனியின் கடிதம். 'எங்கள் முந்தைய ஆட்டத்தில் தங்கள் அலுவலகம் சுட்டிய குறைகளை இதில் முற்றிலும் நீக்கியுள்ளோம்.' பரவாயில்லையே, சொன்ன பேச்சு கேட்கிறார்கள்.

வீட்டில் இவர், என் வீட்டுக்காரர், வலது கையால் கோப்பையைத் தூக்கினார். பாதி சட்டையில். "சமத்து" என்றேன். முறைத்தார். ஆனால் மறுபடியும் தூக்கினார், இந்த முறை கால்வாசிதான் சிந்தியது.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஆட்டத்தைத் தொடங்கினோம். எல்லாமே கறுப்பு வெள்ளை, கத்தரித்த காகிதம் போல. வீடு, தெரு, ஆள் எல்லாம் காகிதம். ரத்தம் மட்டும் மஞ்சள். ஒருவனை வெட்டினால் தலை மெதுவாகச் சுழன்று போகிறது, பின்னால் மஞ்சள் வளைந்து வளைந்து வருகிறது. அழகாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

அப்புறம் அந்தக் குரல். ஒரு பெண் குரல், காதோடு காதாக, பால் புகட்டுகிற மாதிரி: "சமத்து."

பேனா கீழே விழுந்துவிட்டது.

"என்ன சொன்னா அவ?"

"சமத்துன்னா," என்றார் தூங்குமூஞ்சி.

"எதுக்கு?"

"ஒரே வீச்சுல சுத்தமா வெட்டினா சொல்லுவா போலிருக்கு. இழுத்து இழுத்து வெட்டினா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா."

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நான் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனவள். கிளட்ச்சை விட்டு வண்டி குலுங்காமல் நகர்ந்தால், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே "சமத்து" என்பார். குலுங்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று தங்கையிடம் கேலியாகச் சொல்வதுண்டு. முழுக் கேலி இல்லை. பக்கவாதம் வந்து பத்து மாதம். வலது கை, வலது கால், பேச்சில் முக்கால்வாசி போயிற்று. பேப்பரைக் கொடுத்தால் "எறும்பு" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எழுத்தெல்லாம் அப்படித் தெரிகிறதாம். இப்போது அந்த வார்த்தையை நான் அவரிடம் சொல்கிறேன். மருந்து மாத்திரைக்கு அடங்காத கை அதற்கு அடங்குகிறது.

அதைப் போய் இங்கே—

மார்ச் 4, புதன்

எண்ணிப் பார்த்தேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு முறை. மூன்று பேரை ஒரே வீச்சில் சாய்த்தால் "ரொம்ப சமத்து." ஒருவன் ஆயுதத்தைக் கீழே போட்டு மண்டியிடுகிறான். விட்டுவிட்டால் குரல் வராது. பின்னால் போய் முடித்தால் "என் சமத்து."

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

நாலு மணிக்குத் தூங்குமூஞ்சிக்கு விரல் வலி. ஒரு கட்டம் நான் ஆடினேன். அதைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

மார்ச் 5, வியாழன்

படிவம். ஒன்பதாவது கேள்வி: ரத்தத்தின் நிறம் — சிவப்பு / சிவப்பு அல்லாதது. அல்லாதது என்றால் பூஜ்யம். பத்து: வெட்டிய இடத்தில் சதை தெரிகிறதா? இல்லை, காகிதம்தான். பதினொன்று: அலறல்? இல்லை, கிழிகிற சத்தம் மட்டும். பதினாலு: கொடூரமான சொற்கள்? இல்லை. அட, இல்லவே இல்லை!

கூட்டினால் பதினொன்று. பதினைந்துக்குள் வந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விற்கலாம்.

"சமத்துக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டேன். தூங்குமூஞ்சி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்றுத்தாள்.

சாயங்காலம் இவர் கோப்பையைத் தூக்கினார், அவ்வளவாகச் சிந்தாமல். வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் குரல் முந்திக்கொண்டு வந்தது, கூடவே மஞ்சள். "நல்லா இருக்குங்க" என்றேன். கடைக்காரியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 6, வெள்ளி

இன்றும் நான் சொல்லவில்லை. அவரும் கோப்பையைத் தொடவில்லை.

மார்ச் 9, திங்கள்

பெரியம்மாவிடம் போனேன். அலுவலகத் தலைவிக்கு நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது.

"பதினொண்ணுதானே வருது? பன்னெண்டு வயசுன்னு போட்டு அனுப்ப வேண்டியதுதானே?"

"அந்தக் குரல், மேடம். ஒவ்வொரு கொலைக்கும் கொஞ்சுது."

"படிவத்துல அது எங்க வருது?"

"எங்கயும் வரல. அதான் கோளாறே."

பெரியம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கனிவா பேசச் சொல்லி நாமதானே எழுதினோம்? மறந்துட்டீங்களா?" என்று பழைய ஃபைலை எடுத்துப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

அதே கம்பெனி. போன வருடம் பிப்ரவரி. அந்த ஆட்டத்தில் ஒரு தடியன் "கொன்னுட்டே! நாசம்!" என்று கத்துவான். பதினாலாவது கேள்விக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். கீழே பரிந்துரை: 'கொடூரமான சொற்களைத் தவிர்த்து, வீட்டில் பழகும் கனிவான சொற்களைப் பயன்படுத்தலாம். உதாரணமாக: அருமை, நன்று, சமத்து.'

என் கையெழுத்து. 'ச'வின் வால் கொஞ்சம் நீளமாக இருக்கிறது. சந்தோஷமாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

நான்தான். எவனோ இல்ல, நான்தான்.

ஏன் எழுதினேன் அதை? அருமை, நன்று என்று நிறுத்தியிருக்கக் கூடாதா? அப்போது இவர் நன்றாக இருந்தார். அந்த வாரம் மார்க்கெட் சந்தில் ஒரே திருப்பில் வண்டியைப் பின்னால் எடுத்தேன். இவர் பக்கத்து சீட்டில் இருந்து சொன்னார். அந்த நினைப்பிலேயே அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதித் தொலைத்திருக்கிறேன். வீட்டுக்குள்ள இருந்த ஒண்ண எடுத்துக் கசாப்புக் கடைக்குக் குடுத்துட்டு, இப்ப நாத்தம் அடிக்குதுன்னா யாரைச் சொல்றது? சீ.

மார்ச் 11, புதன்

பயிற்சி கொடுக்கிற பெண் இவர் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கை இறுகுதேம்மா. அஞ்சாறு நாளா கோப்பையவே தொடலையா? முன்னெல்லாம் நீங்க ஏதோ சொல்லுவீங்களே, உடனே பண்ணுவாரே?"

அவள் போனபின் இவர் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் படியேறி வந்தது.

"ஏன்... நீ... சொல்லல?"

"தொண்டை கட்டியிருக்குங்க."

முப்பது வருடத்தில் இவரிடம் நான் சொல்லும் பொய் எதுவும் எடுபட்டதில்லை. இதுவும்தான்.

மார்ச் 13, வெள்ளி

பதினெட்டு வயது என்று போட்டேன். தனியே ஒரு தாள் இணைத்தேன். 'இந்தச் சொல்லைப் பரிந்துரைத்தவள் நானே. அது என் பிழை. ரத்தம் என்ன நிறம் என்று கேட்கிறோம். கொன்றவனை யார், எந்தக் குரலில் கொஞ்சுகிறார்கள் என்று கேட்பதில்லை. படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.'

தூங்குமூஞ்சி இரண்டு முறை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்கும் அருவருப்பாத்தான் இருந்துச்சா?" என்றேன்.

"இல்லீங்க," என்றார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் முழுசாக விழித்திருந்ததைப் பார்த்தேன். "எங்க வீட்டுல யாரும் என்னைய அப்படிச் சொன்னதில்ல. கேக்க நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுவாளான்னு தேடித் தேடி வெட்டினேன். அதான் போடறேன்."

சரி, எழுதிவிடுகிறேன். போன வாரம் புதன்கிழமை நான் ஆடிய கட்டத்தில், மண்டியிட்டவனை நானும் விடவில்லை. குரல் வந்தது. நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் குமட்டியது. அப்புறம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

பதினெட்டு என்றே உறுதியாகிவிட்டது. கம்பெனிக்காரர் போனில் கெஞ்சுவார் என்று நினைத்தேன். "ரொம்ப நன்றி மேடம், பதினெட்டுன்னு போட்டாதான் பெரியவங்க மதிச்சு வாங்குவாங்க" என்கிறார். குரலை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "அதைத்தானே மேடம் எல்லாரும் ரசிக்கறாங்க!" வயதைச் சொல்லத்தான் எங்களுக்கு அதிகாரம், வார்த்தையைப் பிடுங்க இல்லை.

புதுக் கட்டம் பற்றி அடுத்த வருடம் பேசலாமாம்.

ஏப்ரல் 6, திங்கள்

"பலே" சொல்லிப் பார்த்தேன். "சபாஷ்" சொல்லிப் பார்த்தேன். இவர் கை மடியிலேயே கிடக்கிறது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

ஏப்ரல் 23, வியாழன்

இவரைப் பயிற்சிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஓட்ட, இவர் பக்கத்தில், எப்போதும் போல. பெரிய சாலை சிக்னலில் சிவப்பு. எதிரே ஆட்டம் விற்கிற கடை. சுவர் உயரத்துக்கு விளம்பரம்: கறுப்பு வெள்ளை, குறுக்கே மஞ்சள் தெறிப்பு, நடுவில் ஒரே ஒரு வார்த்தை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சீக்கிரம் பச்சை விழட்டும் என்றிருந்தது.

"ச..." என்றார் இவர்.

இருமல் என்று நினைத்தேன்.

"ச... ம..."

திரும்பினேன். வலது கை மடியிலிருந்து எழுந்து முன் கண்ணாடியை நோக்கி நீண்டிருந்தது. விரல் நடுங்கிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் போனது.

"ச... மத்... து."

படித்தார். பதினோரு மாதமாக எறும்பாகத் தெரிந்ததைப் படித்தார். என் பக்கம் திரும்பிக் கோணல் வாயால் சிரித்தார். நம் வார்த்தையை யாரோ நமக்காக இத்தனை பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அப்படி ஒரு சிரிப்பு. அது எதை விற்கிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

"ஆமாங்க," என்றேன். "சமத்து." இந்த முறை கேட்டது என் குரல்தான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். அவசரத்தில் கிளட்ச்சை விட்டதில் வண்டி குலுங்கி அணைந்துவிட்டது. இவர் ஜன்னல் பக்கம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, மெதுவாக, சரியாக எடுத்தேன்.

அப்புறம்தான் சொன்னார்.