கிடங்கு ஆணியில் ஒரு சாவி

செப்டம்பர் 13, வெள்ளி

பள்ளிச் சமையலறையில் நூற்றுப் பத்துப் பேருக்கு மக்ரோனி. மூன்று மணிக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டுச் சீருடை மாட்டினேன். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை துணை ஷெரிஃப், மற்ற நாட்களில் கரண்டி. சாலையில் மூன்று மாடுகள். ஒரு ஏணி காணவில்லை என்று புகார். எடுத்தது புகார் கொடுத்தவரின் தம்பிதான். பதிவேட்டில் இரண்டு வரி.

செப்டம்பர் 14, சனி

மதியம் ஒரு மணிக்கு விவசாயி வெர்ன் டைஸின் பிக்கப் வண்டி, சாலையின் இரண்டு ஓரங்களையும் தொட்டுக்கொண்டு வந்தது. நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கியதுமே சாராய வாடை.

"யாரு வந்திருக்கறது? போலீஸா, சமையக்காரியா?"

"எறங்கு, வெர்ன்."

"சமையக்காரின்னா சாப்பாடு எங்க?"

விதைப்பிலும் அறுவடையிலும் இங்கே யாருடைய ஓட்டுநர் உரிமத்திலும் கைவைப்பதில்லை. உரிமம் போனால் தானியத்தை எப்படி ஏற்றிப் போவான்? சாவியை வாங்கிக்கொண்டு ஆளை வீட்டில் இறக்குவோம். சாவி, ஆர்லனின் தானியக் கிடங்கில் எடைமேடை ஜன்னலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். மறுநாள் காலை ஆள் ஒரு பெட்டி டோனட்டோடு வருவான், எல்லோரும் கிண்டலடிப்பார்கள், சாவியைக் கொடுப்பார்கள். பதிவேட்டில் ஏறாது. மெர்ல் ஷெரிஃப் ஆவதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

வெர்னுக்கு மே மாத விதைப்பில் ஒரு தடவை. இது இரண்டாவது.

செப்டம்பர் 15, ஞாயிறு

டோனட் வந்தது. சர்க்கரை தூவியது. நான் இரண்டு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

மழை. ஒன்றுமில்லை.

அக்டோபர் 5, சனி

இரண்டு மணிக்கு வெர்னை மறுபடி நிறுத்தினேன், அவன் வீட்டிலிருந்து அரை மைலில். பிக்கப்பை அங்கேயே வயலோரமாக விட்டுவிட்டு, என் காரில் கூட்டிப்போய் வீட்டில் இறக்கினேன். இன்றைக்குக் கிண்டல் எதுவும் இல்லை. "சோளம் இன்னும் பாதி நிக்குது" என்று மட்டும் சொன்னான். சாவியை ஆணியில் மாட்டினேன். ஆர்லன், "மறுபடியுமா?" என்றார்.

மூன்று பத்துக்கு வயர்லெஸ்.

ஐவா ப்ரூயிட், எங்கள் தபால்காரி. ஒரு வீட்டுத் தபால் பெட்டியில் பார்சல் நுழையாததால் வண்டியை விட்டு இறங்கி நின்றிருக்கிறாள். இடித்தது வெர்னின் பிக்கப்.

ரத்தம் நிற்க அவள் தொடையில் பட்டையைக் கட்டி இறுக்கினேன். இறுக்கிய நேரத்தை அதன் மேலேயே எழுதினேன். ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. வெர்ன் பள்ளத்தில் உட்கார்ந்து தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவி ஆணியில்தானே இருக்கிறது?

அக்டோபர் 6, ஞாயிறு

காலையில் கிடங்குக்குப் போனேன். சாவி அப்படியே தொங்குகிறது. டோனட் இல்லை.

எண் பலகைக்குப் பின்னால் கம்பியில் கட்டி இன்னொரு சாவி வைத்திருந்தான். அவன் மட்டுமா? இந்த வட்டாரத்தில் எந்தப் பிக்கப்பிலும் அங்கே ஒன்று இருக்கும். வயலில் சாவியைத் தொலைத்துவிட்டு யார் பத்து மைல் நடப்பது? என் பிக்கப்பிலும் இருக்கிறது.

எனக்குத் தெரியாதா — தெரியும். மெர்லுக்கும் தெரியும். எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டேதான் இத்தனை வருஷமா ஆணியில மாட்டிக்கிட்டிருக்கோம். சாவிய வாங்குறது அவன நிறுத்துறதுக்கு இல்ல. அவன் மானத்துக்கு. நம்ம மானத்துக்கும்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

மாநிலக் காவல் துறையிலிருந்து விசாரணைக்கு பெல்ட்ரான் என்பவர் பள்ளிச் சமையலறைக்கே வந்தார்.

"குடிச்சுட்டு ஓட்டினதுக்கு அவரை இதுக்கு முன்னாடி யாராவது நிறுத்தியிருக்காங்களா?"

"பதிவேட்டுல ஒண்ணும் இல்லை" என்றேன்.

பொய் இல்லை. உண்மையும் இல்லை. குறித்துக்கொண்டு போனார்.

மாலையில் மெர்ல் கூப்பிட்டார். "எழுதாதது நடக்கல, நோரீன். இது அவனுக்கு முதல் தடவைன்னு போயிடும். வெயில் கண்ணுல அடிச்சுதுன்னு வக்கீல் சொல்லிக்குவான். நீ வாயத் தொறந்தா அவன் மட்டும் மாட்ட மாட்டான். நீயும் போவ, நானும் போவேன்."

சரி என்றேன். நாளைக்கு வேண்டிய பீன்ஸ் டப்பாக்களை எண்ணிவிட்டுப் படுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை?

அக்டோபர் 12, சனி

பணி முடிந்து மருத்துவமனைக்குப் போனேன். ஐவாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது.

"என் ரூட்டுல ஒரு புதுப் பொண்ணப் போட்டிருக்காங்களாமே. பெட்டிய மூடாமப் போறாளாம். மழ பேஞ்சா என்ன ஆகறது?"

"சொல்றேன் அவகிட்ட."

"நீ கட்டின பட்டைதான் என்னக் காப்பாத்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெர்ன் இப்படி ஓட்டுவான்னு யாருக்குமே தெரியாமப் போச்சே, நோரீன். தெரிஞ்சிருந்தா அவன் ரோட்டுல நான் கீழயே எறங்கியிருக்க மாட்டேன்."

"ம்" என்றேன். தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபர் 13, ஞாயிறு

சாவி இன்னும் தொங்குகிறது. யாரும் அதைத் தொடவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்று முதலில் மெர்லிடம் சொன்னேன், பிறகு பெல்ட்ரானுக்குப் போன் செய்தேன். மெர்ல் கத்தவில்லை. பேட்ஜை மேசையில் வைக்கச் சொன்னார், ரோந்துக் கார் சாவியையும். "பதினோரு வருஷம்" என்றார். நான் துணை ஷெரிஃப் ஆகி அவ்வளவு வருஷம்.

அக்டோபர் 17, வியாழன்

பெல்ட்ரான் கிடங்குக்கு வரச் சொல்லியிருந்தார். காப்பிக் கூஜாவைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் ஒரு காலத்தில் அதே ஆணியில் சாவி தொங்கியிருக்கிறது. ஒருவரும் நிமிரவில்லை.

சாவியை ஒரு காகிதப் பைக்குள் போட்டார். "இதை இங்க மாட்டினது யாரு?"

ஆர்லன் எடைமேடை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

என் பெயரைச் சொன்னேன். தேதி கேட்டார். மூன்று தேதிகளையும் சொன்னேன். பையின் மேல் ஒன்றை எழுதினார், மற்ற இரண்டையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பும்போது எதிரே ஐந்து வண்டிகள் வந்தன. வழக்கம்போல வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினேன். யாரும் பதிலுக்குத் தூக்கவில்லை.

அக்டோபர் 19, சனி

இனி சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஐவாவிடம் போனேன். மற்றவர் வாயிலிருந்து அவள் கேட்கக் கூடாது என்று நானே சொன்னேன் — ஆணி, டோனட், எண் பலகைக்குப் பின்னால் இருந்த சாவி, எல்லாவற்றையும்.

கடைசிவரை கேட்டாள்.

"மூணு தடவையா?"

"மூணு."

சுவர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போகும்போது கதவச் சாத்திட்டுப் போ" என்றாள்.

சாத்திவிட்டு வந்தேன்.